பேன்கேக் லென்ஸும் ஒழுகும் பிரிட்டிஷ் வண்டியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம் எடுக்கப் போன இடத்தில் வண்டியைப் பற்றிக் கேட்கிறார்கள். வண்டியை நிறுத்திய இடத்தில் கழுத்தில் தொங்கும் கேமராவைப் பற்றிக் கேட்கிறார்கள். கேள்விகள் அநேகமாக அதேதான், கேட்கும் ஆள்தான் மாறுகிறார். ஒவ்வொருவருக்கும் வாய் வலிக்கச் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலில், வம்பானவை பின்னால்.

கேமராவில் மூடி மட்டும்தான் மாட்டியிருக்கிறது, லென்ஸ் எங்கே?

அதுதான் லென்ஸ். ஜூம் கிடையாது, தடிமனும் கிடையாது. இந்த வகைக்குப் பேன்கேக் லென்ஸ் என்று பெயர். பெயரில் வரும் 40 மி.மீ., 14 மி.மீ. எல்லாம் தடிமன் அல்ல, குவியத் தூரம்; லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கும் என்பதை அது சொல்லும். பென்டாக்ஸ் டி.ஏ. 40 மி.மீ. லிமிடெட் 15 மி.மீ. தடிமன், 90 கிராம் எடை. கேனான் 2012இல் விட்ட 40 மி.மீ. எஸ்.டி.எம். 22.8 மி.மீ. தடிமன், 130 கிராம். பானசோனிக்கின் 14 மி.மீ. 55 கிராம்தான். மார்க் நியூசன் வடிவமைத்த கே-01 கேமராவுக்காகப் பென்டாக்ஸ் செய்த 40 மி.மீ. எக்ஸ்.எஸ். 9.2 மி.மீ. தடிமனில் நின்றுவிட்டது. அதைக் கேமராவோடு சேர்த்துச் சட்டைப் பைக்குள் தள்ளிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கேமரா அவ்வளவு மெல்லியது அல்ல.

பென்டாக்ஸ் 40ஐக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் முதலில் ரசிப்பது கண்ணாடியை அல்ல, மூடியை. லென்ஸின் முன்னால் ஒரு சிறிய உலோக வளையம், ஓர வெளிச்சத்தை மறைக்கும் ஹூட்டாக நிற்கும். அதன் நடுவில் 30.5 மி.மீ. அகலத்தில் மரை வெட்டியிருக்கும். அந்த மரையில் திருகி மாட்டும் உலோக மூடி ஒன்று. திறக்க நான்கைந்து சுற்று சுற்ற வேண்டும். பறவை பறந்து போயிருக்கும். அந்த மூடியைத் தொலைத்தவர்கள் ஏராளம், மூடியின் மேல் கோபப்பட்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

பழைய பிரிட்டிஷ் வண்டி என்றால் எவை? அம்பாசடரும் புல்லட்டும் அதில் சேருமா?

பொதுவாக இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1970களின் இறுதி வரை இங்கிலாந்தில் செய்த கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சொல்கிறோம். மோரிஸ் மைனர், மினி, எம்.ஜி.பி., டிரையம்ப் ஹெரால்ட், லேண்ட் ரோவர் ஆகியவை நான்கு சக்கரத்தில். டிரையம்ப் பானவில், பி.எஸ்.ஏ., நார்ட்டன் ஆகியவை இரண்டு சக்கரத்தில்.

நம் ஊர் வண்டிகளும் சேரும், சித்தப்பா பிள்ளைகளாக. அம்பாசடர் என்பது உத்தரபாராவில் செய்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. அதில் நீண்ட காலம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும், 1955இல் வந்த எம்.ஜி.ஏ. என்ற அழகான ஸ்போர்ட்ஸ் காரின் 1489 சி.சி. இன்ஜினும் ஒரே பி-வரிசைக் குடும்பம். டாக்ஸி ஸ்டாண்டில் நின்ற வண்டிக்கு இப்படி ஒரு சொந்தம் இருப்பது பலருக்குத் தெரியாது. ரெட்டிச் நகரின் ராயல் என்ஃபீல்டு 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்துத் திருவொற்றியூரில் காலூன்றியது. இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி மூடிப்போன பிறகு, 1977இல் சென்னையில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. ஹெரால்டு காரையும் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்து விற்றது. பிரீமியர் பத்மினியை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அது இத்தாலியப் பிறப்பு.

லென்ஸ் பைத்தியம் வேறு, வண்டிப் பைத்தியம் வேறு. இரண்டும் ஏன் ஒரே ஆளைப் பிடிக்கிறது?

இடத்தைச் சுருக்கும் கலை என்பது ஒரு காரணம். 1956 சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அதன் பிறகு அலெக் இசிகோனிஸ் மினியை வரைந்தார். இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தார், கியர்பாக்ஸை இன்ஜினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே போட்டார், சக்கரத்தைப் பத்து அங்குலமாகக் குறைத்தார். 1959இல் வெளிவந்த வண்டி மூன்று மீட்டர் நீளம், அதற்குள் நான்கு பேர். அந்த வரைபடத்தைப் பார்த்து மகிழ்பவர் 15 மி.மீ.க்குள் ஐந்து கண்ணாடிகளை அடுக்கிய லென்ஸைப் பார்த்தும் மகிழ்வார். ஒரே நரம்புதான்.

இன்னொரு காரணம், இரண்டிலும் எல்லை தெரிந்துவிடுகிறது. இந்த லென்ஸ் இவ்வளவுதான் பார்க்கும், இந்த வண்டி இந்த ஏற்றத்தில் இரண்டாம் கியர் கேட்கும் என்று கொஞ்ச நாளில் பழகிவிடுகிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: லென்ஸின் எல்லை, வடிவமைத்தவர் யோசித்து வைத்தது. வண்டியின் கோளாறு பெரும்பாலும் கணக்குப்பிள்ளை வைத்தது. இரண்டையும் ‘குணாதிசயம்’ என்ற ஒரே பையில் போட்டு மெச்சுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நடுவழியில் நிற்பதில் எந்த அழகும் இல்லை. நின்ற காரணத்தைப் பானட்டைத் திறந்து கண்ணால் பார்த்துவிட முடிகிறது, அதில்தான் ருசி.

ஏன் எல்லாப் பேன்கேக்கும் 40 மி.மீ.யாகவே இருக்கிறது? 24, 85 எல்லாம் செய்தால் என்ன?

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடி (மிரர்) ஒன்று மேலும் கீழும் ஆட வேண்டும். அதற்காக லென்ஸ் மாட்டும் வாயான மவுன்ட்டிலிருந்து ஃபிலிம் வரை நிக்கானில் 46.5 மி.மீ., பென்டாக்ஸில் 45.46 மி.மீ., கேனானில் 44 மி.மீ. இடம் விட்டிருக்கிறார்கள். லென்ஸின் குவியத் தூரமும் ஏறக்குறைய அதே அளவாக இருந்தால், நேரான எளிய அமைப்பு ஒன்றை மவுன்ட் வாயிலேயே உட்கார வைத்துவிடலாம். அதைவிடக் குறைந்தால் ஒளியைப் பின்னால் தள்ளக் கூடுதல் கண்ணாடிகள் வேண்டும், லென்ஸ் வீங்கும். மிக அதிகமானால் லென்ஸே முன்னால் நகர வேண்டும், நீளம் கூடும். பென்டாக்ஸின் 1976 எம் 40, நிக்கானின் 45 மி.மீ. ஜி.என்., கான்டாக்ஸின் 45 மி.மீ. டெஸ்ஸார் எல்லாம் இந்தக் குறுகிய சந்துக்குள் பிறந்தவை. முழு ஃபிரேமின் (35 மி.மீ. ஃபிலிம் கட்டத்தின்) மூலைவிட்டம் 43 மி.மீ. சொச்சம். அதனால் பார்வைக் கோணமும் இயல்பாக அமைந்துவிட்டது.

கேனான் 2014இல் 24 மி.மீ. பேன்கேக் விட்டதே என்பீர்கள். அது சிறிய சென்சாருக்கு மட்டும். மிரர்லெஸ் கேமராவில் அந்த ஆடும் கண்ணாடியே இல்லை, இடைவெளி 20 மி.மீ.க்கும் கீழே வந்துவிட்டது. ஆகவே அங்கே 14, 17, 20, 27 என்று பேன்கேக்குகள் கிடைக்கின்றன. பானசோனிக் 20உம் ஃபியூஜி 27உம் அந்தந்தச் சென்சாரில் தருவது பழைய 40இன் கோணம்தான்.

சின்ன லென்ஸ் என்றால் படமும் சுமார்தானே? உண்மையைச் சொல்லுங்கள்.

நடுவில் அருமை, ஓரத்தில் கொஞ்சம் இருட்டு. ஒளி நுழையும் துளையை (அபெர்ச்சர்) முழுக்கத் திறந்த எஃப் 2.8இல் மூலைகள் மங்கும், 5.6க்கு மூடினால் சரியாகிவிடும். பின்னணியைப் பாகாகக் கரைக்க வேண்டும் என்றால் இது அதற்கான லென்ஸ் அல்ல. 1902இல் ஸைஸ் கம்பெனியில் பால் ருடால்ஃப் வரைந்த டெஸ்ஸார் வெறும் நான்கு கண்ணாடி, மூன்று தொகுதி. பேன்கேக்குகளில் பாதி அதன் வாரிசுகள். கண்ணாடிப் பரப்புகள் குறைவு என்பதால் எதிர்வெயிலில் பால்போல் வெளுப்பதும் குறைவு.

பழையவற்றில் கோனிக்காவின் 40 மி.மீ. எஃப் 1.8, ஒலிம்பஸின் 40 மி.மீ. எஃப் 2 இரண்டும் விதிவிலக்கு. வெளிச்சமும் உண்டு, சின்ன உருவமும் உண்டு. ஒலிம்பஸ் 40 குறைவாகவே செய்யப்பட்டது. இப்போது அதன் விலையைக் கேட்டால் அந்த ஆசை அங்கேயே தீர்ந்துவிடும்.

பிரிட்டிஷ் வண்டி மோசம் என்பது நிஜமா, இல்லை சும்மா கேலியா?

பாதி நிஜம். கேலியில் பெரும்பகுதி மின்சாரச் சாமான் செய்த பர்மிங்காம் லூகாஸ் கம்பெனியின் தலையில் விழுந்தது. ‘இருளின் இளவரசன்’ என்று அதற்குப் பட்டமே உண்டு. லூகாஸ் ஸ்விட்சுக்கு மூன்று நிலை, மங்கல், மினுக்கல், இருட்டு என்பார்கள். என் கணக்கில் லூகாஸ் மேல் சுமத்திய பழியில் பாதி அநியாயம். மோரிஸ் மைனரின் மொத்த மின்சாரத்துக்கும் இரண்டே ஃபியூஸ். முகப்பு விளக்குக்கு அதுவும் இல்லை. ஃபியூஸ் எத்தனை என்பதைத் தீர்மானித்தது கார் கம்பெனியின் சிக்கனம். அதோடு டைனமோ மெதுவான ஓட்டத்தில் சார்ஜ் ஏற்றாது, ஆகவே சிக்னலில் நின்றால் விளக்கு மங்கத்தான் செய்யும்.

மீதிப் பாதி வயரின் முனைகளில் இருக்கிறது. பித்தளைக் குண்டு முனையை ஒரு சிறிய குழலுக்குள் அழுத்தி இணைத்திருப்பார்கள். ஈரம் பட்டால் பச்சை பூக்கும். எர்த் கம்பி பாடியில் திருகியிருக்கும் இடத்தில் துரு ஏறும். அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கித் திருகிப் பாருங்கள். ‘லூகாஸ் வியாதி’ பெரும்பாலும் அதோடு போய்விடும். மின்சாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத மோசமும் உண்டு. 1970இல் வந்த டிரையம்ப் ஸ்டாக் காரில் தண்ணீர் பம்பை இன்ஜினின் உச்சியில் வைத்தார்கள். தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலே பம்புதான் முதலில் காயும், பிறகு இன்ஜின் கொதிக்கும். இதை எந்த உப்புத்தாளும் காப்பாற்றாது.

நிறுத்திய இடத்திலெல்லாம் எண்ணெய் சொட்டுகிறது. பேக்கிங் மாற்றினால் நிற்குமா?

எங்கிருந்து சொட்டுகிறது என்பதைப் பொறுத்தது. டிரையம்ப், பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்களில் இன்ஜின் உறையை நெட்டுக்கு இரண்டாகப் பிளந்து சேர்த்திருப்பார்கள். ஒட்டுப்போட்ட கோடு எண்ணெய்க்கு அடியிலேயே வரும். உள்ளே பிஸ்டன் இறங்கும்போது காற்று அழுத்தம் ஏறி அந்தக் கோட்டின் வழியாக எண்ணெயைத் தள்ளும். காற்று வெளியேறும் குழாய் அடைபட்டிருந்தால் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் வீண். முதலில் அந்தக் குழாயைச் சுத்தம் செய்யுங்கள்.

மைனர் போன்ற கார்களில் விஷயம் இன்னும் சுவாரசியம். இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் ஆயில் சீலே கிடையாது. அந்த இடத்தில் ஷாஃப்டின் மேல் மரைபோல ஒரு சுருள் வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுழலும்போது அந்தச் சுருள் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். இன்ஜின் ஓடும்வரை ஒழுகாது. நிறுத்தியதும் சுருளுக்கு வேலை இல்லை, மிச்சம் இருக்கும் எண்ணெய் மெல்லக் கசிந்து கிளட்ச் உறைக்குள் இறங்கும். வண்டிக்கு அடியில் படுத்து அந்த உறையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒரு ஓட்டை, அதில் ஆடிக்கொண்டே தொங்கும் ஒரு காட்டர் பின். ஓட்டை, எண்ணெய் வெளியே போக. பின், ஆடி ஆடி அந்த ஓட்டை அழுக்கில் அடையாமல் பார்த்துக்கொள்ள. செய்தவர்களுக்கே ஒழுகும் என்று தெரியும், ஒழுக வழியும் செய்து வைத்திருக்கிறார்கள். அதை ‘சரிசெய்கிறேன்’ என்று யாராவது பசை போட்டு அடைத்தால் எண்ணெய் கிளட்ச் பிளேட்டுக்குப் போகும். கீழே ஒரு தட்டு வையுங்கள், வாரம் ஒருமுறை எண்ணெய்க் கோல் பாருங்கள்.

மினி மழையில் நின்றுவிடும் என்கிறார்களே?

ஆரம்ப கால மினி நிற்கும். இன்ஜினைக் குறுக்கே திருப்பியதில் பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் நேராக முகப்புக் கிரில்லுக்குப் பின்னால் வந்துவிட்டது. எதிரே வரும் மழை முழுக்க அதற்குத்தான். சமையலறை ரப்பர் கையுறையை அதன் மேல் கவிழ்த்து, விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒரு பிளக் வயரை வெளியே எடுப்பது அந்தக் கால வைத்தியம். நாலு விரலில் நாலு பிளக் வயர், கட்டைவிரலில் காயில் வயர். கணக்கு அப்படியே ஒத்துவரும். முதல் ஆண்டு வண்டிகளில் தரைத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று மடித்த விதத்தால் தண்ணீர் உள்ளேயும் வந்தது. அதைப் பின்னர் மாற்றினார்கள்.

என்னிடம் முழு ஸ்பேனர் செட் இருக்கிறது. ஒரு நட்டுக்கும் பொருந்தவில்லை, ஏன்?

உங்களிடம் இருப்பது மில்லிமீட்டர் செட். ஜோசஃப் விட்வொர்த் 1841இல் வகுத்த மரை அளவுதான் நூறாண்டுக்கு மேல் பிரிட்டனை ஆண்டது. விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருப்பது நட்டின் அகலம் அல்ல, உள்ளே போகும் போல்ட்டின் விட்டம். ஆகவே கால் அங்குலம் என்று போட்ட விட்வொர்த் ஸ்பேனரின் வாய் கால் அங்குலத்தைவிட மிகப் பெரியதாக இருக்கும். போருக்குப் பின் அமெரிக்காவோடு ஒத்துப்போக யு.என்.எஃப். மரை வந்தது. பழையதும் புதியதும் ஒரே வண்டியில் குடித்தனம் நடத்திய காலமும் உண்டு.

உச்சம் எம்.ஜி. டி.சி. போன்ற கார்கள். முதல் உலகப் போரில் கவென்ட்ரிக்கு வந்த பிரெஞ்சுக் கம்பெனி ஹாட்ச்கிஸ், பிறகு மோரிஸுக்கு இன்ஜின் செய்து கொடுத்தது. அவர்களின் இயந்திரங்கள் வெட்டியது மெட்ரிக் மரை. பிரிட்டிஷ் மெக்கானிக்கின் கையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். ஆகவே மரையை மெட்ரிக்காகவும் தலையை விட்வொர்த்தாகவும் வைத்தார்கள். அந்தத் தொழிற்சாலையை மோரிஸ் கம்பெனியின் முதலாளி வில்லியம் மோரிஸ் 1923இல் வாங்கிக்கொண்டார், வழக்கமும் கூடவே வந்து 1950கள் வரை ஓடியது. அந்தக் காரில் ஒரு போல்ட் தொலைந்தால் ஹார்டுவேர் கடையில் கிடைக்காது. விட்வொர்த் ஸ்பேனர் ஒரு செட் வாங்குங்கள். மெட்ரிக் ஸ்பேனரை ஏறக்குறையப் பொருத்தித் திருகினால் நட்டின் முனை மழுங்கும், பிறகு உளியும் சுத்தியலும்தான்.

ஃபோன் சார்ஜர் மாட்டினேன், புகை வந்தது. லூகாஸ் வேலைதானே?

இல்லை, உங்கள் வேலை. 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த்தாகப் போகும். எம்.ஜி.பி.யில் 1967இல்தான் திருப்பினார்கள். இன்றைய சாமான் எல்லாம் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தவை. பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்க்காமல் எதையும் மாட்டக் கூடாது. முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கவும் கூடும், புத்தகத்தை நம்பாமல் வண்டியைப் பாருங்கள்.

தம்பி, புல்லட் கிக்கர் திருப்பி அடித்து கணுக்காலே போய்விட்டது. எப்படித்தான் உதைப்பது?

ஐயா, பலத்தால் உதைக்காதீர்கள். தீப்பொறிக்கு நேரம் குறிக்கும் பழைய பாயிண்ட் வைத்த புல்லட்டில் சாவியைப் போட்டு, மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டர் முள்ளைப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் முள் இடப்பக்கம் சாயும். சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவிடும் டிகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அழுத்துங்கள். முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். பிஸ்டன் உச்சியைத் தாண்டும் இடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். டிகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை மேலே வர விட்டு, இப்போது ஒரே மூச்சில் கீழே வரை உதையுங்கள். பிஸ்டன் உச்சிக்கு ஏறுவதற்கு முன்பே தீப்பொறி விழுந்தால் அது பின்னோக்கிச் சுழலும். அந்த அடிதான் உங்கள் கணுக்காலில் விழுந்தது. இப்படிச் செய்தும் திருப்பி அடித்தால் டைமிங் முன்னால் போயிருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இங்கிலாந்துக்காரர் வண்டிதான் செய்தாரா, லென்ஸ் எதுவும் செய்யவில்லையா?

செய்தார், அதுவும் அடிப்படையானதை. யார்க் நகரின் குக் கம்பெனியில் வேலை பார்த்த டென்னிஸ் டெய்லர் 1893இல் மூன்றே கண்ணாடியில் ஒரு லென்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். லெஸ்டர் நகரின் டெய்லர், டெய்லர் அண்டு ஹாப்சன் கம்பெனி அதைச் செய்து விற்றது. குக் டிரிப்லெட் என்று பெயர். நடுவில் ஒரு குழிவு, இரு பக்கமும் ஒரு குவிவு. படத்தைக் கெடுக்கும் முக்கியப் பிழைகளை எல்லாம் அடக்குவதற்கு அதைவிடக் குறைந்த கண்ணாடி போதாது. பிறகு வந்த எண்ணற்ற மலிவுக் கேமராக்களில் இதுதான் இருந்தது. சின்ன லென்ஸை நேசிப்பவர் இந்த மூன்று கண்ணாடிக்கு ஒரு கும்பிடு போடலாம்.

கேமராவிலும் அவர்கள் தங்கள் கார்களைப் போலவே யோசித்தார்கள். வுல்வர்ஹாம்ப்டனில் 1953இல் வந்த கார்ஃபீல்டு பெரிஃப்ளெக்ஸ் கேமராவில் ஃபோக்கஸ் பார்க்க லென்ஸுக்குப் பின்னால் ஒரு சிறிய பெரிஸ்கோப் கீழே இறங்கும். படத்தின் நடுவில் ஒரு சிறு துண்டை மட்டும் அது காட்டும். பார்த்த பின் அதை மேலே ஏற்றிவிட்டுப் படம் எடுக்க வேண்டும். நன்றாகவே வேலை செய்தது. வேறு யாரும் அப்படிச் செய்ய நினைத்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது. எறிந்துவிடலாமா?

பூஞ்சை. கடலோர ஊர்களில் தோல் பைக்குள் வைத்த லென்ஸுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆரம்ப நிலையில் பிரித்துத் துடைத்துவிடலாம். கண்ணாடியின் மேல் பூச்சை அது அரித்துவிட்டால் தடம் நிற்கும். நான்கு கண்ணாடி லென்ஸைப் பிரிப்பது எளிது, இங்கே பேன்கேக்குக்குச் சாதகம். ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே போயிருந்தால் செலவு லென்ஸின் விலையைத் தாண்டும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், மலிவான ஈரப்பதமானி, இந்த மூன்றும் போதும். முள் 40க்கும் 50க்கும் நடுவே இருக்கட்டும். அரிசி மூட்டைக்குள் புதைக்காதீர்கள், தூசி உள்ளே போகும்.

இப்போதைய பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகாதாமே?

இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளை மக்கள் குழப்புகிறார்கள். முதலாவது ஈயம். 2000ஆம் ஆண்டுவாக்கில் பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. வேகமாக நெடுந்தூரம் ஓட்டுபவர் சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு சீட் போட்டுக்கொள்வது நல்லது. ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் அவசரமில்லை.

இரண்டாவது எத்தனால். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை இருக்கிறது, நம் பங்க்குகளில் 20 சதவீதம். பழைய ரப்பர் குழாயையும் டயாஃபிரத்தையும் அது கரைக்கும், மாதக்கணக்கில் நின்றால் டேங்கில் ஈரம் சேர்க்கும். எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்கள் போடுங்கள். பழைய குழாயில் கசிவு என்றால் தீ என்று பொருள், ஆகவே இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

உதிரி பாகம் கிடைக்குமா? கிடைக்காமல் வீட்டில் நிற்க வைக்கவா வாங்குவது?

பத்து வயதுக் காரைவிட அறுபது வயது எம்.ஜி.பி.க்குப் பாகம் எளிதாகக் கிடைக்கிறது என்றால் நம்ப மாட்டீர்கள். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் 1988 முதல் எம்.ஜி.பி.யின் முழு பாடியையே பழைய அச்சுகளைக் கொண்டு புதிதாகச் செய்து விற்கிறது. ஐந்து லட்சத்துக்கு மேல் விற்ற கார், தேவையும் அப்படி. மைனர் 16 லட்சம். 1990களில் மைனருக்கான பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியதும் நடந்தது. அந்தத் தீவில் மைனரை இன்னும் அன்றாடம் ஓட்டுபவர்கள் இருந்ததால் வந்த யோசனை அது.

அபூர்வ வண்டிக்குத்தான் கஷ்டம். அழகுக்கு மயங்கி யாரும் வாங்காத மாடலை வாங்கினால் பாகத்தை லேத் பட்டறையில் கடைந்துதான் எடுக்க வேண்டும். கோயம்புத்தூர்க்காரருக்கு அது பெரிய விஷயமில்லை.

ஒரிஜினல் பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் வண்டியின் மதிப்பு போய்விடுமா?

டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் மறைந்துவிடும், பழைய பாயிண்டைப் பெட்டியில் வைத்திருங்கள், போதும். டைனமோவை ஆல்டர்னேட்டராக மாற்றுவதும் டிஸ்க் பிரேக் போடுவதும் அப்படித்தான். திருப்பி மாற்றக்கூடிய எதற்கும் நான் எதிரி அல்ல. பாடியை வெட்டுவதற்கு எதிரி.

எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், முன் சக்கரத்தைத் தாங்கும் டிரனியனைக் கவனியுங்கள். மைனரில் அதற்குக் கிரீஸ் அடிக்கத் தவறினால் மரை தேய்ந்து கழன்று சக்கரம் அப்படியே மடிந்து விழும். ஹெரால்டில் அதே பாகத்துக்குக் கிரீஸ் ஆகாது, இ.பி. 90 எண்ணெய்தான். கிரீஸ் போட்டால் உள்ளே இறுகி எண்ணெயே போகாமல் ஸ்டீல் தண்டு முறியும். எண்ணெய் ஒழுகுவதைச் சிரித்துக் கடக்கலாம், இதை முடியாது.

அப்படியென்றால் எது நீண்ட காலம் உழைக்கும், 1960இன் கார்புரேட்டரா, 2012இன் லென்ஸா?

வம்புக் கேள்வி, ஆனால் சரியான கேள்வி. காற்றில் பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்குத் தரும் எஸ்.யு. கார்புரேட்டரைத் திறந்தால் ஒரு பிஸ்டன், ஒரு கூம்பு ஊசி, மேலே கொஞ்சம் எண்ணெய். இன்ஜின் அதிகம் இழுத்தால் பிஸ்டன் ஏறும், ஊசி மேலே வரும், பெட்ரோல் கூடும். தேய்ந்ததை மாற்றினால் இன்னும் அறுபது ஆண்டு ஓடும். எஸ்.யு. பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று சத்தமிடும், நின்றுவிட்டால் ஸ்பேனரின் பின்புறத்தால் ஒரு தட்டு தட்டினால் பாயிண்ட் விடுபட்டு மறுபடி டிக் டிக்.

கேனான் 40ஐத் தட்டிப் பலனில்லை. அதன் ஃபோக்கஸ் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. வளையத்தைத் திருப்பினால் மோட்டாருக்குச் செய்தி போகும், மோட்டார் நகர்த்தும். கேமராவை அணைத்துவிட்டால் முன்னால் நீண்ட மூக்கை உள்ளே தள்ளக்கூட முடியாது. மோட்டார் போனால் முடிந்தது. பென்டாக்ஸ் டி.ஏ. 40இல் மோட்டாரே இல்லை, கேமராவிலிருந்து வரும் திருகுதான் அதைச் சுழற்றும். அது தாங்கும். பழைய டெஸ்ஸார்கள் நம் பேரப்பிள்ளைகளையும் தாண்டும். ஆக நம்பகம் இல்லாதது என்று பெயரெடுத்த வண்டி ஓடிக்கொண்டிருக்கும், சொன்ன பேச்சைக் கேட்ட லென்ஸ் ஒருநாள் திடீரென்று காகிதம் பறக்காமல் வைக்கும் எடைக்கல்லாகும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் அந்தக் கேனான் மலிவு, அருமையாகவும் படம் எடுக்கிறது. அதுவரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆசை வந்துவிட்டது. முதலில் எதை வாங்க?

லென்ஸை. கையில் இருக்கும் கேமராவுக்குப் பொருந்தும் பேன்கேக் ஒன்றைப் பழையதாக வாங்கி, மற்ற லென்ஸ்களை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். கையால் ஃபோக்கஸ் செய்யத் தயார் என்றால் சோவியத் இண்டஸ்டார் 50-2 மிக மலிவு. முன்முகத்தில் இருக்கும் அபெர்ச்சர் வளையத்தில் கிளிக் சத்தம் வராது, அதற்குப் பழக வேண்டும். பானசோனிக் 20இன் மோட்டார் மெதுவானது, முனகவும் செய்யும். ஓடும் குழந்தைகளைப் படம் எடுப்பவர் அதைத் தவிர்க்கலாம்.

வண்டி வாங்கும்போது இன்ஜினைக் கடைசியாகப் பாருங்கள், தகட்டை முதலில். இன்ஜினைச் சரிசெய்ய ஆள் உண்டு, துருவுக்கு டிங்கரிங் செய்ய நல்ல ஆள் அபூர்வம். இந்தியாவில் ஆர்.சி. புத்தகம் உயிரோடு இருக்கிறதா என்பது அதற்கும் முந்தையது. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளை 2021இன் விதிப்படி விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்யலாம், எண்ணில் வி.ஏ. என்று வரும். ஆனால் அன்றாடம் ஆபீஸ் போக ஓட்டக் கூடாது. பிரிட்டனில் நாற்பது வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத காருக்கு ஆண்டுச் சோதனையே விலக்கு. சோதனை இல்லை என்பதற்காகப் பிரேக்கைப் பார்க்காமல் இருப்பவர்களைப் பற்றி இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு ஊட்டி போகிறோம். என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

கேமராவுக்கு: மாட்டியிருக்கும் லென்ஸ், கூடுதல் பேட்டரி ஒன்று. வண்டிக்கு: விட்வொர்த், யு.என்.எஃப். ஸ்பேனர்கள், பாயிண்ட், கண்டன்ஸர், ரோட்டர், பிளக், இரண்டு ஃபியூஸ் (மொத்தமே அவ்வளவுதான்), ஃபேன் பெல்ட், உப்புத்தாள், ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் இன்ஜின் எண்ணெய், ரப்பர் கையுறை. கல்லாறு தாண்டினால் ஏற்றம், வெப்ப முள்ளைப் பார்த்துக்கொண்டே போங்கள். முள் ஏறினால் ஹீட்டரைத் திறந்துவிடுங்கள், இன்ஜினின் சூடு கொஞ்சம் உங்கள் காலுக்கு வரும், ரேடியேட்டருக்குச் சுமை குறையும். பர்லியாறில் பானட்டைத் திறந்து கால் மணி நேரம் ஆற விடுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் அப்போது தொடாதீர்கள்.